பதினாலு முறை இறந்தவரைப் பற்றி நான் எழுதிய குறிப்பு

1

ஊரில் எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு, வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்ப்பது பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். எழுதி அனுப்பினேன். பனியில் கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவது, இங்குள்ள முதியவர்களின் தனிமை, நம் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் தமிழ்ப் பாட்டு பாடுவது என்று எல்லாம் நல்லபடியாகவே வந்திருந்தது. போட்டோவும் போட்டிருந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து அக்கா போன் செய்து, "ஒன்னப் பத்திதான் கோயில்ல எல்லாரும் பேசுதாங்க, ஜெபா" என்றாள்.

அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இந்த வாரத்தோடு அந்த மனிதர் இறந்து ஒரு வருடம் ஆகிறது.

நான் நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். பதினாறு வருடமாக அங்கேதான். ஊரில் பலர் நான் ஹெட் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்தியதில்லை. என் வீட்டுக்காரர் டேனியல் ஒரு மருந்துக் கம்பெனியில் இருக்கிறார். ஒரே மகள் ஷாரன். பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள்.

நோயாளியின் பெயரை வெளியே சொல்ல இங்கே சட்டம் இடம் கொடுக்காது. அவரை ஹாரி என்று எழுதுகிறேன். அவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. இது இரண்டும் இல்லை.

2

ஹாரி வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். வயது தொண்ணூற்று மூன்று. தனியாக அபார்ட்மென்டில் இருந்தவர், பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, ஆறு வாரம் நடைப்பயிற்சிக்காக எங்களிடம் அனுப்பப்பட்டார். உயரமானவர். அந்த வயதிலும் முதுகு நேராக இருந்தது. வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தபோதுகூட யாரோ படம் எடுக்கப்போகிறார்கள் என்பது மாதிரி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

இங்கே ஒரு ஆளைச் சேர்ப்பதென்றால் நாற்பது பக்கம் நிரப்ப வேண்டும். என்ன மருந்து, என்ன அலர்ஜி, எந்த மதம், கடைசியாக எப்போது விழுந்தார், வீட்டில் படி உண்டா. அவர் ஒரு பிளாஸ்டிக் உறையில் தன் கார்டுகளையெல்லாம் கொண்டுவந்திருந்தார். நான்தான் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன்.

"என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"ஐ வாஸ் இன் பிக்சர்ஸ்" என்றார்.

போட்டோ ஸ்டூடியோ போல என்று நினைத்துக்கொண்டு, 'ஓய்வு பெற்றவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

இதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அந்தக் கட்டிடத்தில் வேலை பார்க்கிற மற்றவர்களுக்கு அது பழைய காலத்துப் பேச்சு, புரியாமல் போனால் தப்பில்லை. எனக்குப் புரிந்திருக்க வேண்டும். என் அப்பா சினிமாவைப் பிக்சர் என்றுதான் சொல்வார். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். எங்கள் வீட்டில் சினிமா பாவம். அம்மா ஒரு போஸ்டரைக்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அப்பா சனிக்கிழமை மேட்னி ஷோவுக்கு இங்கிலீஷ் பிக்சர் போய்விட்டு வந்து, "போஸ்ட் ஆபீஸ்ல ஒரே கூட்டம்" என்பார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நடிக்காதீங்க" என்பாள். நம் பேச்சில் பொய் சொல்கிறவனுக்கும் நடிக்கிறவனுக்கும் ஒரே வார்த்தைதான். நான் அந்த வீட்டில் வளர்ந்தவள்.

3

முதல் இரண்டு வாரமும் ஹாரி எல்லோரிடமும் பேசினார். நடைப்பயிற்சிக்குக் கூட்டிப்போக வந்த பையனிடம் சொன்னார்: "தம்பி, நான் பதினாலு தடவை செத்திருக்கேன். குதிரையிலருந்து விழுந்து, மாடிப்படியில உருண்டு, ஒரு தடவை யானை மிதிச்சு. ஒரு எலும்புகூட உடையல. கடைசியில பாத்ரூம் மிதியடி என்னைக் கவுத்துருச்சு." அந்தப் பையன் சிரித்துவிட்டுப் போனான்.

எனக்கு அந்த வாரம் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை ஷாரனின் ஸ்கூலில் டீச்சரைப் பார்க்கப் போயிருந்தோம். நான் ஏதோ கேட்டேன். டீச்சர் முகத்தைச் சுருக்கினார். நான் இங்கிலீஷில் சொன்னதை ஷாரன் இங்கிலீஷில் மொழிபெயர்த்தாள். சாதாரணமாக, என்னைப் பார்க்காமலே. டீச்சர் அவளிடமே பதில் சொன்னார். திரும்பி வரும்போது காரில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஷாரன் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

புதன்கிழமை காலை ஹாரிக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். உதவியாளர்கள் இரண்டு பேர் அவர் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "நீங்க இந்தியாதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"நானும் நாலு தடவை இந்தியனா இருந்திருக்கேன். முகமெல்லாம் உங்க கலர்ல பூசிடுவாங்க. காதுக்குள்ள போன பெயின்ட் ஒரு வாரம் போகாது."

சொல்லிவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, "அச்சா புச்சா ராமா தாமா" என்று என்னவோ உளறினார். உதவியாளர்கள் இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தத் தலையாட்டலை எத்தனையோ பேர் எனக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள். கடையில், லைசன்ஸ் ஆபீஸில், ஒருமுறை என் பழைய சூப்பர்வைசரே. நான் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தேன். மத்தியானம் சாப்பாட்டு அறையில் அந்த உதவியாளர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "அச்சா புச்சா, ஜெபா, மைக்ரோவேவ் ஃப்ரீயா?" என்றாள்.

நேராகப் போய்க் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். நான் எழுதியதன் தமிழ் இது:

"நோயாளி தான் பதினாலு முறை இறந்ததாகவும், அதில் ஒரு முறை யானை மிதித்து இறந்ததாகவும் உறுதியாகச் சொல்கிறார். நான்கு முறை இந்தியராக இருந்ததாகச் சொல்கிறார். பொருளில்லாத சொற்களைப் பேசுகிறார், பணியாளர்களிடம் முறைகேடாக நடந்துகொள்கிறார். பிரமை இருப்பதாகத் தெரிகிறது. மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்."

இதில் பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அவர் அதையெல்லாம் சொல்லும்போது அவர் கண்ணில் சிரிப்பு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். எழுதவில்லை.

4

மனநல மருத்துவர் வெள்ளிக்கிழமை வந்தார். ஏழெட்டு நிமிடம் இருந்திருப்பார். நான் பக்கத்தில் நின்றேன்.

"நீங்க இதுக்கு முன்னாடி இறந்துபோயிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பதினாலு தடவை. பதினஞ்சாவது உங்க கையில போலிருக்கு" என்றார் ஹாரி.

டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். அந்த நேரம் நான் வாயைத் திறந்து, 'டாக்டர், இவர் விளையாட்டுக்குச் சொல்கிறார்' என்று சொல்லியிருந்தால் போதும். இரவு தூங்குவதற்கு ஒரு மாத்திரை, பகலில் அமைதியாக இருக்க ஒரு மாத்திரை எழுதினார்.

சமூகப் பணியாளர் டெக்சாஸில் இருந்த ஹாரியின் தம்பி மகளைக் கூப்பிட்டார். அவருடைய ஒரே உறவு அந்த அம்மாள்தான். மருத்துவமனை வேலை, கணவருக்கு டயாலிசிஸ், உடனே கிளம்பி வர முடியாத நிலை. "உங்க பெரியப்பாவுக்குக் கொஞ்சம் குழப்பம் இருக்கு, பாதுகாப்புக்காக மெமரி கேர் பக்கம் மாத்துறோம்" என்று சொன்னார்கள். என்ன குழப்பம் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. "நர்ஸ் பார்த்துச் சொன்னா சரிதான்" என்று சம்மதித்து, இவர்கள் அனுப்பிய பேப்பரில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மெமரி கேர் என்பது ஞாபகம் தவறியவர்கள் இருக்கிற பகுதி. இரண்டு கதவு, இரண்டுக்கும் நம்பர் அழுத்தித்தான் வெளியே வர முடியும். ஹாரியின் பழைய அறையை அன்றைக்கே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நான் இதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, அந்தச் சட்டமெல்லாம் சரியாகக் கடைப்பிடித்தேன். "பதினாலு தடவை செத்தாராம். யானை மிதிச்சுதாம்." டேனியல், "நல்ல ஆளுதான்" என்று சிரித்தார்.

ஷாரன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "மே பீ ஹி வாஸ் அன் ஆக்டர்?" என்றாள்.

"ஆக்டராவது ஒண்ணாவது. சும்மா நடிக்காரு" என்றேன் நான்.

சொன்ன வார்த்தை எனக்கே கேட்கவில்லை. ஷாரனுக்குக் கேட்டதா என்று தெரியாது. அவள் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

5

மூன்று வாரத்தில் ஹாரி அடங்கிவிட்டார். எங்கள் பாஷையில் 'ஒத்துழைக்கிறார்' என்று எழுதுவோம். காலையில் ஸ்பூன் கையில் இருக்க அப்படியே தூங்கிவிடுவார். நடைப்பயிற்சி நின்றுபோனது. முதுகு வளைந்தது. வாயோரம் எச்சில் ஒழுகினால் துடைக்கக்கூடக் கை வராது. நாக்கு குழறியது. என்னைப் பார்த்தால் அடையாளம் தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றும் சொல்லமாட்டார். நல்லவேளை, பேச்சு குறைந்தது என்று நானே ஒரு நாள் எழுதியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸில் பில் போடுகிற பெண் என்னைக் கூப்பிட்டாள். ஹாரியின் ஃபைல் அவள் கம்ப்யூட்டரில் திறந்திருந்தது.

"ஜெபா, நீதானே இதெல்லாம் ஸ்கேன் பண்ணினது? இந்தக் கடைசிக் கார்டு என்ன இன்சூரன்ஸ்? எனக்குத் தெரியல."

குனிந்து பார்த்தேன். இன்சூரன்ஸ் இல்லை. சினிமா நடிகர்கள் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் அட்டை. நடுவில் பெரிய எழுத்தில் எனக்குத் தெரியாத ஒரு பெயர். கீழே, சின்ன எழுத்தில், சட்டப்படியான பெயர் என்று போட்டு, எங்கள் ஹாரியின் பெயர்.

என் கையால் ஸ்கேன் செய்தது. தேதியும் நேரமும் என் பெயரும் ஓரத்தில் இருந்தன.

"என்னாச்சு, உக்காரு" என்றாள் அவள்.

மத்தியான இடைவேளையில் காருக்குள் போய் உட்கார்ந்து அந்தப் பெரிய எழுத்துப் பெயரைப் போனில் தேடினேன். அறுபத்தைந்து படங்கள். வரிசையாக இறக்கிக்கொண்டே போனேன். இரண்டாவது காவலாளி. ஓட்டல் சிப்பந்தி. மாலுமி. கப்பல் கேப்டனின் உதவியாள். இந்திய வேலைக்காரன். இந்திய வேலைக்காரன். ராஜாவின் தம்பி. பாதிக்குமேல், திரையில் பெயர் வராது என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தது. ஒரே ஒரு போட்டோ இருந்தது. இருபத்திரண்டு வயது இருக்கும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

6

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது அந்த யானைப் படத்தைக் கண்டுபிடித்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. ஏதோ ஒரு காடு, அதில் வெள்ளைக்காரத் துரை, துரையின் மகள். ஒரு மணி நேரம் கழித்து ஹாரி வந்தார். தலைப்பாகை, முகமெல்லாம் கரி மாதிரி பூச்சு. கைகளைக் கூப்பி, தலையை ஆட்டி, அதே வார்த்தைகளைச் சொன்னார். அச்சா புச்சா ராமா தாமா. சொல்லி முடித்ததும் யானை வந்தது. துரையின் மகளைத் தள்ளிவிட்டு இவர் கீழே விழுந்தார். எப்படி விழுந்தார் என்று மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எலும்பே இல்லாத மாதிரி, சத்தமில்லாமல், துணி நழுவுவது போல விழுந்தார்.

பின்னால் ஷாரன் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"இது ரொம்ப ரேசிஸ்ட்டா இருக்கும்மா" என்றாள் இங்கிலீஷில். பிறகு, "ஆனா அந்த ஆள் நல்லா பண்றாரு. இதுதான் அவரா?"

சட்டப்படி நான் பதில் சொல்லக்கூடாது. சொல்லவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"யூ லாஃப்ட், அம்மா. டின்னர்ல சிரிச்ச."

"ஆமா."

"இப்ப அவர் எப்படி இருக்காரு?"

நான் லேப்டாப்பை மூடினேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மாடிக்குப் போனாள்.

7

எழுதியதை அழிக்கலாமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அழிக்க முடியாது, கூடுதல் குறிப்பு சேர்க்கலாம் என்றாள். ஃபைலைத் திறந்து பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. என் வரிகளை நகலெடுத்து டாக்டர் தன் குறிப்பில் போட்டிருந்தார். அதை நகலெடுத்து சமூகப் பணியாளர். அதற்கப்புறம் டயட்டீஷியன், நடைப்பயிற்சி ஆள், வார இறுதியில் வருகிற நர்ஸ். என் வாக்கியம் ஐந்து பேர் கையெழுத்தோடு உட்கார்ந்திருந்தது. யானை எல்லாவற்றிலும் இருந்தது. ஒருவரும் ஹாரியிடம் திரும்பக் கேட்கவில்லை.

நான் கூடுதல் குறிப்பு எழுதினேன். நோயாளி சொன்னவை அவர் நடித்த சினிமா வேடங்களைப் பற்றியவை, ஆதாரம் ஃபைலில் இருக்கிறது, முதல் குறிப்பு என் தவறு என்று எழுதினேன். டாக்டரைப் போனில் கூப்பிட்டேன்.

"சரி, நடிகராகவே இருக்கட்டும். இப்ப அமைதியா இருக்காரு இல்லையா? மருந்து கேக்குதுன்னுதானே அர்த்தம்?" என்றார்.

"அமைதியா இல்ல டாக்டர். அவர் இல்லவே இல்ல" என்றேன். இங்கிலீஷில் அது சரியான வாக்கியம்தானா என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, மெதுவாகக் குறைக்கலாம் என்றார்.

குறைத்து முடிக்க ஒரு மாதம் ஆனது. மெமரி கேருக்கு வெளியே ஒரு அறை காலியாகி அவரை மாற்றுவதற்கு இன்னும் பத்து நாள்.

8

புது அறைக்கு வந்த மூன்றாம் நாள், காலைச் சாப்பாடு முடிந்ததும், கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாக்குக் குழறல் குறைந்திருந்தது. முதுகு மட்டும் பழையபடி நிமிரவில்லை.

"உங்களை அந்தப் பக்கம் அனுப்பினது நான். நான் எழுதினதாலதான்" என்றேன்.

"என்ன எழுதினீங்க?"

கம்ப்யூட்டர் வண்டியை இழுத்து வைத்து வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தேன்.

"அறுபத்தஞ்சு படம் பண்ணியிருக்கேன்" என்றார். "பேப்பர்ல என்னைப் பத்தி ஒரு வரி வந்ததில்ல. என்னைப் பத்தி யாரும் இவ்வளவு நீளமா எழுதினது இதுதான்."

நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "போகும்போது லைட்டை அணைச்சிருங்க" என்றார்.

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஆரம்பித்தார். அதன்பிறகு டியூட்டி முடிந்து பத்து நிமிடம், கால் மணி நேரம் போய் உட்காருவேன். அவர் சொல்வார்.

இங்கே நியூ ஜெர்சியில் ஒரு ரொட்டிக்கடைக்காரரின் மகன். பத்தொன்பது வயதில் பஸ் ஏறி மேற்கே போனார். ஒரு ஸ்டூடியோவில் ஏழு வருட ஒப்பந்தம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் நினைத்தால் வெளியே அனுப்பலாம், இவர் நினைத்தால் போக முடியாது. சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஒரு ஆள், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, இவர் பெயரைக் கேட்டுவிட்டு, "வாயில நுழையல" என்று வேறு பெயர் வைத்தானாம். குதிரை ஏறக் கற்றுக்கொடுத்தார்கள், வாள் சண்டை, நடனம். இவருக்கு நன்றாக வந்தது விழுவது ஒன்றுதான். கதாநாயகன் முகத்தை மறைக்காமல், காமிரா இருக்கிற பக்கமாக, ஒரே தடவையில் விழுவார். அதனால் சாக வேண்டிய வேடமெல்லாம் இவருக்கு வந்தது. நிறம் பூசினால் எந்த நாட்டுக்காரனாகவும் இருக்கக்கூடிய முகம் என்றார்களாம்.

"அந்த அச்சா புச்சா யார் சொல்லிக்கொடுத்தது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாரும் இல்ல. டைரக்டர், 'ஏதாவது இந்தியன் பேசு'ன்னாரு. எனக்கு என்ன தெரியும்? வாயில வந்ததைச் சொன்னேன். இந்தியாவுல இருந்து வந்த ஒருத்தர் தினமும் பக்கத்துல வந்து நின்னப்ப, அதை உங்களுக்குச் சொல்லிக் காட்டணும்னு தோணிச்சு." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "தப்புதான். உங்க முகம் மாறினதைப் பார்த்தேன். அன்னைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கணும்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் நிலைமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

டி.வி. வந்தது, ஸ்டூடியோக்கள் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தின. முப்பத்தெட்டு வயதில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பி வந்தவர், இருபத்தாறு வருடம் ஒரு ஷூ கடையில் வேலை பார்த்தார். கடையில் ஒருவருக்கும் தான் நடிகன் என்று சொல்லவில்லை.

"சொன்னா, 'அப்ப ஏன் இங்க அடுத்தவங்க காலைப் பிடிச்சுக்கிட்டிருக்க?'ன்னு கேப்பாங்க. எண்பது வயசுக்கு மேலதான் சொல்ல ஆரம்பிச்சேன். கேலி பண்றவங்க எல்லாரும் செத்துப்போயிருப்பாங்கன்னு நினைச்சேன்."

ஒரே ஒரு படத்தில் அவருக்கு நீளமாக ஒரு வசனம் கொடுத்தார்களாம். நாலு வாக்கியம். சாகிற மாலுமி, தன் மனைவிக்குச் சொல்லி அனுப்புகிற வார்த்தை. படப்பிடிப்புத் தளத்தில் விளக்குப் பிடிக்கிறவர்கள்கூடக் கைதட்டினார்கள். படம் வெளிவந்தபோது அவர் வாயைத் திறக்கிற இடத்தில் வெட்டிவிட்டு அலையைக் காட்டினார்கள்.

"வசனத்தைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் கையைத் தூக்கினார். முகம் மாறியது. உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றார். நான் காத்திருந்தேன். கடைசியில் கையை இறக்கிக்கொண்டார்.

"இங்க வரும்போது இருந்துச்சு" என்றார். "தினமும் காலையில ஷேவ் பண்ணும்போது சொல்லிப் பார்ப்பேன். எழுபது வருஷமா இருந்துச்சு."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர் மாதிரி சொன்னார். அதற்கப்புறமும் பல நாள் கேட்டேன். வரவே இல்லை. அது வேறு எங்கும் கிடையாது. எந்தப் பிரதியிலும் இல்லை, எந்தக் காகிதத்திலும் இல்லை.

9

ஐந்து வாரம்தான் அப்படி இருந்தார். பிறகு நிமோனியா. படுக்கையிலேயே கிடந்த அந்த இரண்டு மாதத்துக்கு மேலான காலம் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலில் இருந்த நேரம் இறந்துபோனார்.

சாமான்களை எடுத்துக்கொள்ள டெக்சாஸிலிருந்து அவருடைய தம்பி மகள் வந்தார். அறுபது வயது இருக்கும். இரண்டு சட்டை, ஒரு ரேடியோ, அந்தப் பிளாஸ்டிக் உறை. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே ஜெபா? கடைசி தடவை போன்ல பேசினப்ப உங்களைப் பத்திதான் சொன்னாரு. 'இந்தியாவுல இருந்து வந்த ஒரு நர்ஸ் என் படமெல்லாம் தேடிப் பாக்குறா'ன்னு. எங்க வீட்டுலயே யாரும் பார்த்ததில்ல. தேங்க் யூ. உண்மையாத்தான் சொல்றேன்."

அவர் என்னைப் பற்றி வேறு எதுவுமே அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கவில்லை. நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். 'நல்ல மனுஷர்' என்றேன். அந்த அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டபோது நானும் கட்டிக்கொண்டேன். வாசலில் இருந்து அவருடைய வாடகைக் கார் வரைக்கும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனேன். சொல்வதற்கு அவ்வளவு தூரம் இருந்தது.

ஒரு வருடம் சும்மா இருந்தேன். சபை மலரில் என் கட்டுரையைப் பார்த்த அன்று ஷாரன் அதை வாங்கிப் பார்த்தாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. "அந்த ஆக்டர் இதுல வர்றாரா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். மடித்துக் கொடுத்துவிட்டாள்.

நேற்று மத்தியானம் டெக்சாஸுக்குப் போன் செய்தேன். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மாளின் குரலில் சந்தோஷம். அதுதான் கஷ்டமாக இருந்தது. நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கோபத்தில் எழுதியது, அவர் கண்ணில் இருந்த சிரிப்பை எழுதாமல் விட்டது, டாக்டர் முன்னால் சும்மா நின்றது, வாசலில் நன்றியை வாங்கிக்கொண்டது.

வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"பரவாயில்லன்னு நான் சொல்லணும்னு எதிர்பாக்குறீங்களா?"

"இல்ல மேடம்."

"நல்லது. ஏன்னா நான் சொல்லப்போறதில்ல. அந்தப் பேப்பர்ல சம்மதம்னு கையெழுத்துப் போட்டது நான்."

பின்னால் ஒரு நாய் குரைத்தது, அந்த அம்மாள் அதை அதட்டினார். பிறகு, நான் எதிர்பார்க்காதபடி, தணிந்த குரலில் கேட்டார்.

"அவர் ஒழுங்கா சாப்பிட்டாரா? கடைசி மாசங்கள்ல? எனக்கு யாரும் எதுவும் சொல்லல. முதல் நாள்லருந்து சொல்லுங்க."

சொன்னேன். முட்டை கேட்டது, காபியில் மூன்று சர்க்கரை போட்டுக்கொண்டது, பீச் பழம் பிடிக்கும் என்று சமையல்கார அம்மாவிடம் சொல்லி வாங்கிக்கொண்டது. ஸ்பூனைப் பிடித்தபடி தூங்கிப்போன நாட்களையும் ஒவ்வொன்றாக, விடாமல் சொன்னேன்.